உங்களுக்குத் தெரியுமா? இணையதள மெனு ஆளைப் பார்த்து மாறலாம்!

ராசிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடைக்குள் நுழைகிறீர்கள். "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்கிறார் கடைக்காரர். தெரிந்தவர் பெயரைச் சொன்னால் உள் அலமாரியும் திறக்கும். இணையதளங்களும் இதையே வாய் திறக்காமல் கேட்கின்றன. லிங்க்கைத் தொட்டு ஒரு தளத்துக்குப் போனால், எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை பிரவுசரே போட்டுக்கொடுத்துவிடும். இதற்குப் பெயர் 'ரெஃபரர்'. அதை வைத்து, கூகுளில் தேடி வந்தவருக்குச் சில்லறை மெனு மட்டும். வியாபாரிகள் தளத்திலிருந்து வந்தவருக்கு 'மொத்த விலை'யும் காட்டலாம்.

ஒரு வேடிக்கை: 1996-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 என்ற இணைய விதிமுறை ஆவணத்தில், 'ரெஃபரர்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவே இரண்டு 'ஆர்' வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பிழையோடுதான் இன்றும் உலகமே ஓடுகிறது. (எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் 'ஆர்' ராசிபுரம்தான். அது பத்திரமாக இருக்கிறது!)

2020 முதல் குரோம் பிரவுசர், வேறு தளத்துக்குப் போகும்போது பொதுவாக முழு முகவரியைச் சொல்வதில்லை. புறப்பட்ட தளத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. முகவரியை நேரே தட்டினால் அதுவும் கிடையாது. பொய்யான ரெஃபரரையும் எளிதாக அனுப்பலாம். அதனால் ரகசிய விலைப்பட்டியலை இப்படி ஒளித்து வைக்காதீர்கள். அதற்கு பாஸ்வேர்டு போடுங்கள்.