முகப்பருவுக்கு மாத்திரை எத்தனை நாள்?

முகத்தில் பரு வந்தால் சோப்பை மாற்றுகிறோம். சந்தனம் அரைத்துப் போடுகிறோம். பக்கத்து வீட்டார் சொன்ன களிம்பைத் தடவுகிறோம். இவையெல்லாம் பலிக்காமல், பருக்கள் சிவந்து வீங்கிச் சீழ் வைத்து, தொட்டால் வலிக்கும் நிலைக்கு வந்த பிறகே பலர் தோல் மருத்துவரிடம் போகிறார்கள். அவர் எழுதித் தரும் சீட்டில் பல வேளைகளில் ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரையும் இருக்கும். காய்ச்சலுக்கு 5 நாள் சாப்பிடும் மாத்திரையைப் பருவுக்கு 3 மாதம் சாப்பிட வேண்டுமா? முகம் தெளிந்த பிறகும் தொடரலாமா? அண்ணனுக்குக் கேட்ட மாத்திரையைத் தம்பி சாப்பிட்டால் என்ன?

கல்லூரி மாணவர்கள் இக்கேள்விகளை என்னிடம் கேட்பதுண்டு. நான் மருத்துவன் அல்லன், இயற்பியல் ஆசிரியன். எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. ஆனால் விழுங்கிய மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை நாம் எல்லோரும் அறிந்து கொள்ளலாம். அறிந்து கொண்டால் மேற்கண்ட கேள்விகளுக்கு விடை தானே கிடைக்கும்.

பரு எப்படி உண்டாகிறது?

நம் முகத்திலும் மார்பிலும் முதுகிலும் உள்ள மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் பெருகும்போது இச்சுரப்பிகள் மிகுதியாக எண்ணெய் சுரக்கின்றன. பெண்களின் உடலிலும் இந்த ஹார்மோன்கள் ஓரளவு உண்டு. அதே சமயம் மயிர்க்குழியின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் வெளியேறாமல் ஒட்டிக்கொண்டு, குழியின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெய் உள்ளே தேங்குகிறது.

இந்த எண்ணெயை உண்டு வாழும் ஒரு பாக்டீரியா நம் எல்லோருடைய தோலிலும் இருக்கிறது. பல ஆண்டுகள் புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று அழைக்கப்பட்ட இதற்கு 2016-ல் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று புதுப் பெயர் சூட்டினார்கள். ஆக்சிஜன் குறைந்த இடமே இதற்குப் பிடிக்கும். அடைபட்ட மயிர்க்குழி அத்தகைய இடம். அங்கே பெருகும் பாக்டீரியாவின் கழிவுகளும் கொழுப்பு அமிலங்களும் உடலின் காவல்படையான வெள்ளணுக்களை அழைக்கின்றன. அவை வந்து சேரும்போது உண்டாகும் சிவப்பு, வீக்கம், சீழ், வலி ஆகியவற்றையே அழற்சி என்கிறோம்.

ஆகவே பரு அழுக்கினால் வருவதன்று. கரும்புள்ளியின் கறுப்பும் அழுக்கன்று. தோலின் நிறமியும் காற்றுப்பட்டு மாறிய எண்ணெயுமே அது. நாளுக்குப் பத்து முறை முகம் கழுவினால் தோல் வறண்டு எரியுமே தவிர, பரு குறையாது.

மண்ணிலிருந்து வந்த மருந்து

பருவுக்கு வாய்வழியாகத் தரப்படும் ஆன்டிபயாடிக்குகளில் முதன்மையானவை டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மூலக்கூறில் நான்கு வளையங்கள் வரிசையாக இணைந்திருக்கும். டெட்ரா என்றால் நான்கு.

இக்குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். 1945-ல் அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்துச் சோதனை வயலிலிருந்து எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரே அதைத் தந்தது. கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல் அறிஞர்; அப்போது அவர் எழுபது வயதைக் கடந்தவர். 1948-ல் இம்மருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டக்கர் பணியாற்றிய லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

அதன் பின் வந்த தம்பிகளில் டாக்சிசைக்ளினும் மினோசைக்ளினும் இன்று பருச் சிகிச்சையில் பெரிதும் பயன்படுகின்றன. பழைய டெட்ராசைக்ளினைவிட டாக்சிசைக்ளின் ஏன் வசதியானது? கதிரியக்கப் பாடத்தில் நாம் படிக்கும் அரை ஆயுட்காலம் மருந்துகளுக்கும் உண்டு. இரத்தத்தில் உள்ள டெட்ராசைக்ளின் ஏறத்தாழ 8 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. 24 மணி நேரத்தில் மூன்று முறை பாதியாகி, எட்டில் ஒரு பங்கே மிஞ்சும். டாக்சிசைக்ளினுக்கு இக்காலம் சுமார் 18 மணி. ஒரு நாள் கழிந்த பின்னும் ஏறத்தாழ 40 விழுக்காடு எஞ்சியிருக்கும். அதனால்தான் பழைய மருந்தை நாளுக்குப் பல முறை சாப்பிட வேண்டியிருந்தது. இதற்கு ஒரு முறையோ இரு முறையோ போதும்.

உள்ளே என்ன செய்கிறது?

பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதங்களை ரைபோசோம் என்னும் நுண்ணிய தொழிற்கூடத்தில் செய்துகொள்கிறது. டெட்ராசைக்ளின் மருந்துகள் அந்தத் தொழிற்கூடத்தில் மூலப்பொருள் வந்து இறங்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. புரத உற்பத்தி நிற்கிறது. பாக்டீரியா உடனே சாவதில்லை. பெருக முடியாமல் தேங்கிப் போகிறது.

இம்மருந்துகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெள்ளணுக்கள் கூட்டமாக ஓடி வருவதையும், திசுக்களை அரிக்கும் சில நொதிகளையும் இவை மட்டுப்படுத்துகின்றன. அதாவது, பாக்டீரியாவை அடக்குவதோடு அழற்சியையும் தணிக்கின்றன. சிவந்து வீங்கிய பருவுக்கு இவை உதவுவதும், வெறும் கரும்புள்ளிக்கு உதவாததும் இதனால்தான்.

மருந்து செய்யாதது எது என்பதையும் கவனியுங்கள். அது எண்ணெய்ச் சுரப்பைக் குறைப்பதில்லை. மயிர்க்குழியின் அடைப்பையும் நேரடியாகத் திறப்பதில்லை. ஆதலால் மாத்திரை மட்டும் பருவை வேரோடு எடுத்துவிடாது.

சாப்பிடுவோரின் அனுபவம்

முதல் சில நாள்களில் சிலருக்குக் குமட்டல் வரும்; வயிறு கலங்கும். குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் மருந்து தொடுகிறது அல்லவா? சில பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் ஏற்படலாம். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொன்னால் எளிதில் குணப்படுத்தலாம்.

இரண்டு வாரம் ஆகியும் முகம் மாறவில்லையே என்று பலர் மனம் தளர்ந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இன்று வெளியே தெரியும் பரு, சில வாரங்களுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத அடைப்பாகத் தொடங்கியது. ஏற்கெனவே புறப்பட்டுவிட்டவை வந்து தீர வேண்டும். பயன் தெளிவாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம். பொறுமையின்றி நிறுத்துவது ஒரு தவறு. முகம் தெளிந்த மகிழ்ச்சியில், நிறுத்தினால் திரும்பி வந்துவிடுமோ என்று அஞ்சி, மாதக்கணக்கில் தாமாகவே தொடர்வது அதைவிடப் பெரிய தவறு.

பால், இரும்பு, தண்ணீர்

டெட்ராசைக்ளின் மூலக்கூறு கால்சியம், இரும்பு போன்ற உலோக அயனிகளை நண்டு இடுக்கியால் கவ்வுவதுபோல் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சேர்ந்துவிட்டால் குடல் அதை எளிதில் உறிஞ்சாது. பழைய டெட்ராசைக்ளினைப் பாலோடு சாப்பிட்டால் பெரும்பகுதி வீணாகும். டாக்சிசைக்ளினுக்கு இப்பாதிப்பு குறைவு. எனினும் பாலைத் தள்ளி வைப்பது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையும், வயிற்றெரிச்சலுக்குச் சாப்பிடும் அமில முறி மருந்தும் எல்லா வகைக்கும் பகை. பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை பெறும் மாணவ மாணவியர் அதை மருத்துவரிடம் சொல்லி, இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விட வேண்டும்.

கால்சியத்தின் மீதுள்ள இந்த ஈர்ப்பினால்தான் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பருவுக்காக இம்மருந்துகளைத் தருவதில்லை. வளரும் பற்களில் இது படிந்து நிலையான மஞ்சள் கறையை உண்டாக்கும். எலும்பில் படிந்த டெட்ராசைக்ளின் புற ஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிரும். பண்டைய நூபியாவில், இன்றைய சூடான் நாட்டுப் பகுதியில், சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களின் எலும்புகளிலும் இவ்வொளி இருப்பதை 1980-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அம்மக்கள் தானியத்திலிருந்து காய்ச்சிய பீரில் இந்த மருந்தைத் தரும் நுண்ணுயிர் வளர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட விளக்கம்.

இன்னொரு எச்சரிக்கை. டாக்சிசைக்ளினை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால், அது உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து, அமிலத்தால் அங்கே புண்ணாக்கும். மார்பில் கடுமையான வலி வரும். எச்சில் விழுங்கவும் முடியாது. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, நின்றோ நிமிர்ந்து உட்கார்ந்தோ விழுங்குங்கள். அரை மணி நேரமாவது படுக்க வேண்டாம்.

வெயிலும் மருந்தும்

சூரிய ஒளியின் புற ஊதாப் பகுதியில் 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ளவை ஏ வகைக் கதிர்கள். தோலில் உள்ள டாக்சிசைக்ளின் மூலக்கூறு இக்கதிரை உறிஞ்சிக் கிளர்ந்த நிலையை அடைகிறது. அந்த ஆற்றல் அருகிலுள்ள ஆக்சிஜனுக்குப் போய், அதைத் தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜனாக மாற்றுகிறது. அது செல்களைத் தாக்குவதால் தோல் வெந்ததுபோல் சிவந்து எரிகிறது. சாதாரண சன்னல் கண்ணாடி குறைந்த அலைநீளமுள்ள பி வகைக் கதிர்களைப் பெரும்பாலும் தடுக்கும். ஏ வகையைத் தடுக்காது. எனவே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறோம் என்று நம்பிவிடக் கூடாது. குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை ஆகியவை எளிய பாதுகாப்பு.

மினோசைக்ளின் சிலருக்குத் தலைச்சுற்றலையும், நாள்பட்டால் தோலில் நீலங்கலந்த சாம்பல் நிறத்தையும் தரலாம். இக்குடும்பத்தின் எந்த மருந்தானாலும் கடுமையான தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடியதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். கடும் பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயினுடன் இம்மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பதும் இக்காரணத்தால்தான்.

மருந்தை வெல்லும் கிருமி

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஒன்றிரண்டின் மரபுப் பொருளில் தற்செயலாக ஒரே ஓர் எழுத்து மாறினாலும், மருந்து உட்காரும் இடம் உருமாறிவிடலாம். மருந்து மற்றவற்றை அடக்கும்போது இவை மட்டும் தடையின்றிப் பெருகும். எவ்வளவு நாள் மருந்து தொடர்கிறதோ அவ்வளவுக்கு இவற்றின் கை ஓங்கும்.

இது வெறும் கற்பனையன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பருச் சிகிச்சைக்கு வந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஏதேனும் ஓர் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் பருப் பாக்டீரியாவைத் தோலில் கொண்டிருந்தோர் 1991-ல் 34.5 விழுக்காடு, 1997-ல் 64 விழுக்காடு. எரித்ரோமைசின், கிளின்டாமைசின் ஆகியவற்றை எதிர்ப்பவையே மிகுதி. எதிர்ப்புப் பெற்ற கிருமிகள் நோயாளியோடு நிற்பதில்லை. வீட்டாரின் தோலிலும், பருச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களின் தோலிலும்கூட அவை காணப்பட்டன.

மேலும், விழுங்கிய மருந்து முகத்துக்கு மட்டும் போவதில்லை. தொண்டை, குடல் என உடல் முழுவதும் உள்ள நுண்ணுயிர்களைச் சென்றடைகிறது. அவற்றிலும் எதிர்ப்பு வளரும். நம் ஊர்களில் ஆண்டுதோறும் பலரைத் தாக்கி, கவனியாவிட்டால் உயிரையே குடிக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கு இதே டாக்சிசைக்ளின்தான் முக்கிய மருந்து. உயிர் காக்கும் ஒரு பொருளைக் கையில் வைத்திருக்கிறோம் என்ற எண்ணத்தோடுதான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

அதற்கு வழி என்ன? இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் மூன்று செய்திகளை வற்புறுத்துகின்றன. முதலாவது, மாத்திரையைத் தனியாகத் தரக்கூடாது. பென்சாயில் பெராக்சைடு போன்ற பூச்சு மருந்தும் உடன் வேண்டும். பென்சாயில் பெராக்சைடு சிதையும்போது வெளிப்படும் தீவிரத் துகள்கள் பாக்டீரியாவைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குவதால், அதை எதிர்க்கும் வகை தோன்றியதாகத் தெரியவில்லை. (துணியிலும் தலையணையிலும் பட்டால் வெளுத்துவிடும், எச்சரிக்கை!) இரண்டாவது, ஏறத்தாழ 12 வாரம் ஆனதும் மருத்துவரிடம் காட்டி, நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். பொதுவாக 3, 4 மாதங்களுக்கு மேல் நீட்டுவதில்லை. மூன்றாவது, மாத்திரையை நிறுத்திய பிறகும் பூச்சு மருந்தைத் தொடர வேண்டும். அடாபலீன் போன்ற பூச்சுகள் மயிர்க்குழியின் அடைப்பையே தடுப்பதால், பரு திரும்பாமல் காப்பவை இவைதாம்.

நண்பர் சொன்னார் என்று கடையில் சீட்டில்லாமல் வாங்குவது, அண்ணனின் மீதி மாத்திரையைச் சாப்பிடுவது, பழைய அட்டையைத் தேடி எடுப்பது ஆகியவற்றை அறவே தவிருங்கள். காலாவதியாகிச் சிதைந்த டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைக் கெடுத்த செய்தி 1963-லேயே மருத்துவ ஏடுகளில் வந்திருக்கிறது.

அதற்காக மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். ஆழமான பருக்கள் விட்டுச் செல்லும் பள்ளமும் தழும்பும் எளிதில் மறைவதில்லை. முகத்தை மறைத்துக்கொண்டு வகுப்பின் கடைசி வரிசைக்குப் போகும் மாணவரின் மன வேதனையும் சிறிதன்று. பரு சீழ் வைக்கத் தொடங்கியதும் தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் மாத்திரை எழுதினால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "இதோடு என்ன பூச வேண்டும்? எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்?" அந்தத் தேதியை மாத்திரை அட்டையின் மீதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.