வாசலும் வீதியும் - 9: யார் பெயரில் வீடு?

குடும்பம் வீட்டுக்குள் நடப்பது, சமூகம் வெளியே நடப்பது என்று பிரித்தே பேசிப் பழகிவிட்டோம். கடற்கரை ஊர்களில் இந்தப் பிரிவினை செல்லாது. வெள்ளாறு கடலோடு சேரும் பரங்கிப்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் இவ்வூரின் முஸ்லிம் கடல் வணிகர்களான மரைக்காயர்களின் கப்பல்கள் துணி ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்கும் ஆச்சேவுக்கும் போயின. பருவக்காற்றைப் பிடித்துப் போன கப்பல், காற்று திரும்பினால்தான் ஊர் திரும்பும், இடையில் மாதக்கணக்கு. பின்னாளில் சிங்கப்பூரும் மலேயாவும் வந்தன, அதற்கும் பிறகு வளைகுடா. தொழில் மாறியது, ஆண் ஊரில் இல்லாத வீடு மாறவில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, மாமியாரைச் சிதம்பரத்துக்கு வைத்தியத்துக்கு அழைத்துப்போவது, கொத்தனாருக்குக் கூலி எண்ணிக்கொடுப்பது எல்லாம் பெண்ணின் பொறுப்பு. பக்கத்து மீனவக் குப்பங்களிலும் ஆண் கடலில் இருக்க, கூடை சுமந்து மீன் விற்று வீட்டுச் செலவைப் பார்ப்பவள் பெண்தான்.

இப்படிப்பட்ட பிழைப்பு ஒரு குடும்ப முறையாகவே இறுகிப்போனதைக் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் காணலாம். அங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் செய்வார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய் வீட்டை ஒட்டியே மகள்களின் வீடுகள். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே முடுக்கு என்ற ஒடுக்கமான சந்து ஓடும்; பெருந்தெருவை மிதிக்காமலே பெண்கள் அதன் வழியாக அக்காள் தங்கை வீடுகளுக்குப் போய்வருவார்கள். கணவன் கப்பலேறிய பின் அவளுக்குத் துணை அந்த முடுக்குதான். இதை மத வழக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் கடலோரமில்லாத ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில் இது பொதுவாக இல்லாமல் போனது ஏன்? இலங்கையின் மட்டக்களப்புக் கரையோரத்தில் இந்துத் தமிழர்களும் முஸ்லிம்களும் ஒருசேர மகளுக்கே வீடு கொடுப்பது எப்படி? வேர் மதத்தில் இல்லை, வாழ்ந்த இடத்திலும் செய்த பிழைப்பிலும் இருக்கிறது.

வீடு கொடுப்பதும் வரதட்சணைதானே என்பது வலுவான மறுப்பு. தங்கைக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் அண்ணன்களின் பாரத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனாலும் ரொக்கமும் நகையும் புகுந்த வீட்டுக்குப் போய்க் கரைந்துவிடும். வீடு அவள் காலடியிலேயே நிற்கும். கணவனோடு மனம் கசந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவள் அவள் இல்லை. வீடு இருந்தும் பள்ளிவாசல் ஜமாஅத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் பெண்ணுக்கு இடமில்லையே என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அது உண்மை. வீட்டுக்குள் கிடைத்த அதிகாரத்துக்கு வாசலைத் தாண்டத் தானாகக் கால் முளைக்காது.

அந்த வாசலில் நிற்பது வீட்டுப் பத்திரம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கைக் கிழக்கில் மாற்று வீடுகள் பல குடும்பத் தலைவர் என்ற கணக்கில் ஆண்கள் பெயருக்குப் போயின. தாய்வழியாக மகளுக்கு வந்த வீட்டு உரிமை ஒரு படிவத்தில் கைமாறியது. தமிழ்நாடு அரசோ சுனாமி வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் தர ஆணையிட்டது. அடித்தது ஒரே அலைதான். இங்கே ஒரு கையெழுத்து கூடியது, அங்கே ஒன்று குறைந்தது. சட்டம் குடும்பத்துக்குள் நுழைவது இப்படித்தான். 1989இல் இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்த மாநிலம் தமிழ்நாடு. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறது.

ஆகவே வளைகுடாப் பணத்தில் அஸ்திவாரம் போடும் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒன்று கேட்கிறேன். சிமெண்ட் மூட்டையை எண்ணி இறக்கியவள், நின்று தண்ணீர் ஊற்றிச் சுவரை ஆற்றியவள் அந்த வீட்டுப் பெண்தான். பத்திரத்தில் அவள் பெயரும் இருக்கட்டும். அந்தப் பெயர் ஊர்ப் பஞ்சாயத்து வரை போவது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)