பிள்ளையின் சமயப் பாடத்துக்கு எப்படிப் புள்ளி போடுகிறார்கள்?

இங்கிலாந்தில் உங்கள் பிள்ளை ஜி.சி.எஸ்.இ. (பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வு) சமயப் பாடம் எடுக்கிறாரா? ஊரில் (இலங்கையில்) சாதாரண தரத் தேர்வுக்குச் சைவநெறி எழுதிய பெற்றோருக்கு இந்த வினாத்தாள் திகைப்பாகத்தான் இருக்கும். பாடமாக்கியதைப் பிழையில்லாமல் எழுதினால் மட்டும் இங்கே போதாது.

பிள்ளையின் பக்தியை அளக்கிறார்களா? இல்லவே இல்லை. கடவுளை நம்பாத பிள்ளையும் முழுப் புள்ளி வாங்கலாம். பாதிப் புள்ளி சமயங்களைப் பற்றித் தெரிந்து விளங்கிக்கொண்டதற்கு. மறு பாதி, தெரிந்ததை வைத்து அலசி வாதிடுவதற்கு. நன்றாகப் படிக்கும் பிள்ளையும் சறுக்குவது இந்த மறு பாதியில்தான்.

"நாங்கள் சைவர்கள், கிறிஸ்தவம் எதற்கு?" என்று கேட்பீர்கள். 2016இல் தொடங்கிய பாடத்திட்டப்படி இரண்டு சமயங்கள் கட்டாயம். எந்த இரண்டு என்பதைப் பாடசாலையே முடிவு செய்யும். கத்தோலிக்கப் பாடசாலைகளில் பெரும்பாலும் கத்தோலிக்கமும் யூத சமயமும் இருக்கும். இந்து சமயத்துக்கு இடம் உண்டு. ஆனால் எல்லாப் பாடசாலையும் அதைக் கற்பிப்பதில்லை. பாடங்களைத் தெரிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தேர்வு எப்படி இருக்கும்? தேர்வு நடத்தும் சபைகள் பல. ஏ.க்யூ.ஏ. சபையின் 'ஏ' பாடத்திட்டத்தைப் பார்ப்போம். இரண்டு வினாத்தாள்கள், ஒவ்வொன்றும் ஒன்றேமுக்கால் மணிநேரம். வீட்டில் செய்து கொடுக்கும் ஒப்படை கிடையாது. முதல் தாள் இரண்டு சமயங்களின் நம்பிக்கைகளும் நடைமுறைகளும். இரண்டாவது தாளில் குடும்பம், போர், குற்றமும் தண்டனையும் போன்ற நான்கு தலைப்புகள். ஒவ்வொரு தாளிலும் நான்கு பகுதிகள். பகுதிக்கு ஐந்து கேள்விகள், 24 புள்ளிகள். கேள்விகளுக்கு முறையே 1, 2, 4, 5, 12.

ஐந்து புள்ளிக் கேள்வியில் எதைக் கவனிக்க வேண்டும்? இரண்டு கருத்துகளை விளக்கினால் நான்கு. ஐந்தாவது புள்ளி, புனித நூலையோ வேறு சமய ஆதாரத்தையோ சுட்டுவதற்கு மட்டும். வரியை அப்படியே ஒப்புவிக்க வேண்டாம். கீதையில் கிருஷ்ணர் இப்படிச் சொல்கிறார் என்று நூலின் பெயரோடு கருத்தை எழுதினால் போதும். நல்ல விடை எழுதிவிட்டு இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் ஒரு புள்ளி வீணாகும்.

பன்னிரண்டு புள்ளிக் கேள்விதான் பெரியது. பகுதியின் பாதிப் புள்ளி அதில் இருக்கிறது. ஒரு கூற்றைக் கொடுத்து மதிப்பிடச் சொல்வார்கள். "இந்துக்களுக்குக் கோயிலைவிட வீட்டு வழிபாடே சிறந்தது" என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதரித்து எழுத வேண்டும்: சாமியறையில் தினமும் விளக்கேற்றலாம், குடும்பம் முழுவதும் சேரலாம். மறுத்தும் எழுத வேண்டும்: கோயிலில் முறைப்படி பிரதிஷ்டை செய்த மூர்த்தி உண்டு, திருவிழா உண்டு, ஊரே கூடும். பிறகு எந்தப் பக்கம் வலுவானது, ஏன் என்று தீர்ப்பு.

பிள்ளை தன் பக்கத்தை மட்டும், எவ்வளவு உருக்கமாக எழுதினாலும், ஆறு புள்ளிக்கு மேல் போக வழியில்லை. சமயப் போதனையைத் தொடாமல் பொதுவாக எழுதினாலும் உயர்ந்த புள்ளி கிடைக்காது. பிழையற்ற எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் இந்தக் கேள்வியில் தனிப் புள்ளி உண்டு.

வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம்? சாப்பாட்டு மேசையில் ஒரு கூற்றைப் போட்டு, பிள்ளை நம்பாத பக்கத்தைப் பேசச் சொல்லுங்கள். அது அவருடைய நம்பிக்கையைக் கெடுக்காது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பகுதிக்குச் சுமார் 25 நிமிடம்தான் கிடைக்கும், பெரிய கேள்விக்கு 12 நிமிடம். மணிக்கூட்டை வைத்தே எழுதிப் பழகட்டும்.

விருப்பமில்லையென்றால் விலக்கலாமா? சமயக் கல்வி வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கப் பெற்றோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தேர்வும் கையைவிட்டுப் போகலாம். ஆசிரியரோடு முதலில் பேசுங்கள்.

பெறுபேறு 9 முதல் 1 வரை வரும், 9தான் உச்சம். ஐயமிருந்தால் மறுபரிசீலனை (திருத்தியதை மீண்டும் பார்த்தல்) கேட்கலாம், பாடசாலை வழியாகத்தான். புள்ளி கூடவும் செய்யும், குறையவும் செய்யும். அதனால் பிள்ளையின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் விண்ணப்பிக்க மாட்டார்கள்.