கொலம்போவிடம் மாட்டிய கொலைகாரர்களில் மட்டமாக நடித்தவர் யார், தெரியுமா?

ஜோகூர் பாரு, உங்கு புவான் சாலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே உட்கார்ந்தால் தே தாரிக் ஆறி ஆடை கட்டிவிடும், வழக்கு மட்டும் முடியாது. பல வருஷமாக ஒரே வழக்குதான். ‘கொலம்போ’ என்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் கொலைகாரராக வந்துபோன நட்சத்திரங்களில் மட்டமாக நடித்தது யார்?

சாட்சி தேடிப் போனேன். கிடைத்ததெல்லாம் ஆச்சரியம்!

கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க்கின் வலது கண் செயற்கைக் கண் என்று தெரியுமா? நிஜக் கண்ணை மூன்று வயதிலேயே புற்றுநோய்க்காக எடுத்துவிட்டார்கள். அந்தக் கசங்கிய மழைக்கோட்டு? அவருடைய சொந்தக் கோட்டு! அது என்ன நிறம் என்பதுகூட மாமாவுக்கு வெகுகாலம் தெரியாது. மலேசியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது 1978 டிசம்பர் 28 அன்று. தொடரின் முதல் சுற்றோ அமெரிக்காவில் அந்த வருஷம் மே மாதமே முடிந்துபோயிருந்தது. மாமா வீட்டுப் பெட்டியில் கோட்டு, சுருட்டு, அந்தப் பழைய பெஜோ கார் எல்லாமே சாம்பல் நிறம்தான்.

கொலம்போ வேடத்தை முதலில் போட்டவர் ஃபால்க் இல்லை, இது தெரியுமா? 1960-இல் பெர்ட் ஃப்ரீட் என்பவர் தொலைக்காட்சியில் போட்டார். 1962-இல் மேடை நாடகமானபோது தாமஸ் மிட்செல். அந்த நாடகத்தின் பெரிய நட்சத்திரம் யார் என்றால் கொலைகார டாக்டராக வந்த ஜோசப் காட்டன்! லெவின்சன், லிங்க் என்ற இரண்டு எழுத்தாளர்கள் போட்ட அடித்தளம் அப்படி. கொலை செய்தவர் யாரென்று பார்ப்பவருக்கு முதலிலேயே தெரியும். கொலம்போ நிதானமாகத்தான் உள்ளே வருவார், அதுவரை கதையைத் தோளில் சுமப்பது கொலைகாரர். அந்தத் தோள் மெலிந்தால் கதையே சரியும். மாமா மேசையில் இத்தனை சூடு பறப்பது இதற்காகத்தான்.

மாமாவின் முதல் குற்றவாளிகள், 1972-இல் லண்டனில் நடப்பதாக வந்த கதையின் ஜோடி, ரிச்சர்ட் பேஸ்ஹார்ட்டும் ஹானர் பிளாக்மனும். “நாடகக் கொட்டகையில கத்துற மாதிரி கத்துறாங்கப்பா!” என்பார். கத்துகிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஏற்றிருப்பதே ‘மேக்பெத்’ நாடகம் போடும் பழைய மேடை நடிகர்களின் வேடம்! கொலை செய்த பிறகும் மேடையை விட்டு இறங்கத் தெரியாதவர்கள். அந்தக் கூச்சலில் எனக்குப் பரிதாபம்தான் வருகிறது.

அடுத்து வில்லியம் ஷாட்னர். ‘ஸ்டார் டிரெக்’ கேப்டன் என்றதுமே மேசையில் பாதிப் பேர் கையைத் தூக்குவார்கள். 1976-இல் அவர் ஏற்றது என்ன வேடம் தெரியுமா? தொலைக்காட்சித் துப்பறிவாளராக நடித்துப் புகழ்பெற்ற ஒரு நடிகர்! துப்பறியும் தொடருக்குள் இன்னொரு துப்பறியும் தொடர். அந்த மிகை வேடத்திலேயே இருக்கிறது. அவரையும் நான் விடுதலை செய்கிறேன்.

சரி, நடிப்பே தொழிலாக இல்லாத ஒருவரைக் கொண்டுவந்தால்? 1974-இல் பாடகர் ஜானி கேஷ் வந்தார். பாடகர் வேடமே. கடைசியில் காரில் கொலம்போ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த முகத்தில் தெரியும் நிம்மதியைப் பாருங்கள். தேர்ந்த நடிகர்களுக்கே எளிதில் வராது!

நம்ம சாம்புவும் இங்கே நினைவுக்கு வருகிறார். 1942-இல் விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு அசடாகவே இருப்பார், அதிர்ஷ்டம் அவரை ஜெயிக்கவைக்கும். கொலம்போ அசடாக நடிப்பவர். அந்த நடிப்பை நம்பி ஏமாற எதிரே ஒரு கர்வி வேண்டும். சாம்புவுக்கு எதிராளி இல்லாவிட்டாலும் கதை ஓடும். கொலம்போவுக்கு ஓடாது.

அதனால் என் தீர்ப்பு 1976 மே மாதம் வந்த ‘லாஸ்ட் சல்யூட் டு த கமடோர்’ மீது. அதில் கொலையைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள்! தடயத்தை மறைக்கிற ராபர்ட் வானைத்தான் கொலைகாரர் என்று நம்பி உட்கார்ந்திருப்போம், பாதிக் கதையில் அவரே பிணமாகக் கிடப்பார். பிறகு கொலம்போ யாரோடு மோதுவார்? எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி, ஒரு கடிகாரத்தை ஒவ்வொருவர் காதிலும் வைத்துப் பார்க்கிறார். ஃபால்க்கே அன்று வேறு யாரோ மாதிரி இருக்கிறார். வான் கெட்டிக்கார நடிகர், அதற்கு முந்தைய வருஷம் கப்பலில் நடக்கும் கதையில் அருமையான கொலைகாரராக வந்தவர். இங்கே அவருக்குக் கதையில் இடமே கொடுக்கவில்லை. சொல்லும்போதே மனசு வலிக்கிறது.

இதை இயக்கியது யார் தெரியுமா? பேட்ரிக் மெகூஹன்! நான்கு முறை கொலைகாரராக வந்து, அதில் இரண்டு முறை எம்மி விருது வாங்கியவர். கொலைகாரர் இந்தத் தொடருக்கு எத்தனை முக்கியம் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் கையாலேயே கொலைகாரர் இல்லாத கொலம்போ!

இதை மேசையில் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப 1990-ல வந்த மலிபு கதை? அதுல ஆண்ட்ரூ ஸ்டீவன்ஸ் இருக்காரே, கதை முழுக்க இருக்காரே!” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொரு முறை பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.