கைவழி ஏறும் கணக்கு

பத்து மரக்கட்டைகள். எல்லாம் கனசதுரங்கள், எல்லாம் ஒரே ரோஸ் நிறம். மிகச் சிறியதன் பக்கம் 1 சென்டிமீட்டர், மிகப் பெரியதன் பக்கம் 10 சென்டிமீட்டர். இடையில் இருப்பவை ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏறிக்கொண்டே போகும். மாண்டிசோரி வகுப்புகளில் இதை ‘பிங்க் டவர்’ என்பார்கள். மூன்று வயதுக் குழந்தை ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி வந்து பாயில் பரப்பி, பெரியதைக் கீழே வைத்து, அடுத்ததை அதன்மேல் வைத்து, கடைசியில் குன்றிமணி போன்ற அந்தக் குட்டிக் கட்டையை மூச்சைப் பிடித்துக்கொண்டு உச்சியில் வைக்கும். வாசலில் நின்று பார்க்கிற பெற்றோருக்கு இது பொழுதுபோக்கு. ஒரு ஸ்கேலும் தராசும் கையில் இருந்தால், இதைச் செய்தவர் எத்தனை தூரம் யோசித்திருக்கிறார் என்பது புரியும்.

சின்னக் கட்டையின் கன அளவு 1 மில்லிலிட்டர். பெரியதன் கன அளவு 1,000 மில்லிலிட்டர், அதாவது ஒரு முழு லிட்டர். பக்கம் பத்து மடங்குதான் கூடியிருக்கிறது, எடையோ ஆயிரம் மடங்கு கூடிவிட்டது. ஒன்றை இரண்டு விரல் நுனியால் கிள்ளி எடுக்கலாம். இன்னொன்றுக்குப் பிஞ்சுக் கை இரண்டும் வேண்டும். மும்மடி என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டது.

அடுத்தடுத்த இரண்டு பெரிய கட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்றின் பக்கம் 10, மற்றதன் பக்கம் 9. நீளத்தில் வித்தியாசம் பத்து சதவீதம். குழந்தையின் கண் இதில் எளிதாக ஏமாந்துவிடும். ஆனால் எடை 1,000-க்கு 729 என்று இறங்குகிறது. வித்தியாசம் 27 சதவீதம்! கண் தயங்கும் இடத்தில் கை சொல்லிவிடுகிறது, ‘இதுதான் கனம், இதுதான் முதலில்’ என்று. எர்ன்ஸ்ட் வெபர் என்ற ஜெர்மானிய உடலியலாளர் 1834-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விளக்கம் தருகிறது. இரண்டு எடைகளுக்கு இடையே எத்தனை கிராம் வித்தியாசம் என்பதை நம் உடல் பார்ப்பதில்லை. எத்தனை பங்கு வித்தியாசம் என்பதையே பார்க்கிறது. நாம் உணரக்கூடிய மிகச் சிறிய வித்தியாசத்தை ‘உணர்வெல்லை’ எனலாம். 27 சதவீதம் என்பது அந்த எல்லையைத் தாண்டி வெகு தூரம்.

கோபுரம் கைவந்த பிறகு குழந்தைக்குக் கொடுப்பது பழுப்புப் படிக்கட்டு. பத்துக் கட்டைகளும் 20 சென்டிமீட்டர் நீளம். அகலமும் உயரமும் மட்டும் 10-லிருந்து 1 வரை குறையும். இதில் முதல் இரண்டு கட்டைகளுக்கு இடையே எடை வித்தியாசம் 19 சதவீதம். அதற்கடுத்து சிவப்புக் கோல்கள். தடிமன் மாறாது, நீளம் மட்டும் 10 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை போகும். இங்கே வித்தியாசம் வெறும் 10 சதவீதம். 27, 19, 10. முப்பரிமாணத்தில் மாறுவது, இரு பரிமாணத்தில் மாறுவது, ஒரே பரிமாணத்தில் மாறுவது என்று, கைக்குக் கிடைக்கும் துப்பு ஒவ்வொரு கட்டத்திலும் மெலிகிறது. அதற்குள் புலன் கூர்மையாகிவிடுகிறது. விளையாட்டுப் பொருள் என்ற பெயரில் இவ்வளவு நுட்பமான பாடத்திட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதனால்தான் கடைகளில் விற்கும் பொள்ளலான பிளாஸ்டிக் கோபுரத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நிறம் அதேதான், அளவும் அதேதான். ஆனால் உள்ளே காலியாக இருந்தால் எடை மேற்பரப்பைப் பொறுத்தே ஏறும். 27 சதவீதம் 19-ஆகச் சுருங்கிவிடும். மொத்த எடையும் குறைவு என்பதால் கைக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது. கட்டை திண்ணென்று இருந்தால்தான் அது பாடம் நடத்தும்.

கோபுரத்துக்குள் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. கட்டைகளை நடுவில் வைக்காமல் ஒரு மூலையோடு மூலை ஒட்ட அடுக்கினால், இரண்டு பக்கம் வழவழப்பான சுவர் எழும்பும், மற்ற இரண்டு பக்கம் படிகள் விழும். ஒவ்வொரு படியின் அகலமும் சரியாக 1 சென்டிமீட்டர். அந்தக் குட்டிக் கட்டையை எடுத்து எந்தப் படியில் வைத்தாலும் கச்சிதமாக உட்காரும். பத்துக் கட்டைகளுக்கும் பொதுவான அளவுகோல் அந்தக் குட்டிதான் என்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கிறது. இன்னும் மேலே போக ஆசைப்படுகிறவர்கள் பத்துக் கட்டைகளின் கன அளவையும் கூட்டிப் பார்க்கலாம்: 1, 8, 27, 64 என்று தொடங்கி 1,000 வரை மொத்தம் 3,025. இது 55-இன் வர்க்கம். அந்த 55 எங்கிருந்து வந்தது? ஒன்று முதல் பத்து வரை கூட்டினால் வருவது. ஒன்றிலிருந்து வரிசையாக வரும் கனங்களின் கூட்டுத்தொகை எப்போதும் இப்படி ஒரு வர்க்கமாகவே முடியும் என்ற விதியை கி.பி. 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்திலேயே ஆரியபட்டர் சொல்லியிருக்கிறார்.

இந்தச் சாதனங்களின் பின்னால் இருப்பவர் மரியா மாண்டிசோரி. இத்தாலியில் மருத்துவம் படித்தவர். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக எடுவார் செகான் என்ற பிரெஞ்சு மருத்துவர் உருவாக்கிய புலன்பயிற்சிப் பொருள்களைப் படித்து, மாற்றி, சேர்த்து, 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோமில் சான் லோரன்சோ என்ற ஏழைகள் பகுதியில் தன் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். அவருக்கு முன்பே பாதை போட்டவர் ஒருவர் உண்டு. கிண்டர்கார்ட்டன் என்ற பெயரை 1840-இல் சூட்டிய ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல், பெர்லினில் ஓர் அருங்காட்சியகத்தில் கனிமப் படிகங்களோடு வேலை செய்தவர். குழந்தைகளுக்கு அவர் கொடுத்ததும் உருண்டை, உருளை, எட்டாகப் பிரியும் கனசதுரம் ஆகியவைதான்.

மாண்டிசோரி சேர்த்த பெரிய சமாசாரம் ‘பிழைக் கட்டுப்பாடு’. தவறு நடந்தால் அதைப் பொருளே காட்டிக்கொடுக்கும்படி அமைப்பது என்று இதற்குப் பொருள். ஒரு நீண்ட மரத்துண்டில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழிதான் பொருந்தும். ஒல்லியானதைத் தவறுதலாக அகலக் குழியில் போட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது; உள்ளே போய்விடும். ஆனால் கடைசியில் ஒரு தடித்த உருளை கையில் நிற்கும், மீதி இருக்கும் குழியோ சிறியது. குழந்தை அதைத் திருப்பிப் பார்க்கும், அழுத்திப் பார்க்கும், முகம் சுளிக்கும், பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கும். ‘தப்பு கண்ணா, இப்படி வை’ என்று ஆசிரியர் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. திறந்தால்தான் கெட்டது.

ஒவ்வொரு உருளையின் தலையிலும் ஒரு சிறு குமிழ் இருக்கும். அதைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்துதான் பிடிக்க முடியும். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகிற அதே மூன்று விரல்கள்! நான்கு வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறவர்கள் ஒரு எக்ஸ்ரே படத்தைப் பார்க்க வேண்டும். நம் மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள் உண்டு. பிறந்தபோது அவை வெறும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. நான்கு வயதில் ஏறத்தாழப் பாதிதான் எலும்பாகியிருக்கும். எட்டாவது தோன்றப் பத்து வயதை நெருங்க வேண்டும். பிடிமானமே இன்னும் கட்டுமானத்தில் இருக்கும் காலம் அது. பூ கோப்பது, பொத்தான் போடுவது, சப்பாத்தி மாவைப் பிசைவது, கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குப் பயறு அள்ளுவது எல்லாம் அந்தக் கைக்கு நேரடிப் பயிற்சி.

கை என்பது வேலைக்கருவி மட்டும் அல்ல, அது ஒரு புலன். ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத் தோலில் மட்டும் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருக்கின்றன. ஒரு காம்பஸின் இரண்டு முனைகளை விரல்நுனியில் வைத்தால், 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே ‘இரண்டு’ என்று தெரியும். முதுகிலோ சுமார் 4 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால்தான் தெரியும். இந்தக் காம்பஸ் சோதனையைச் செய்தவரும் அதே வெபர்தான்.

விரல்நுனியின் இந்தத் திறமையை எழுத்துக்குத் திருப்பிவிடுகிறது உப்புத்தாள் எழுத்து. மரம் தேய்க்கும் தாளில் எழுத்தை வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டியிருப்பார்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் சொரசொரப்பின்மேல் போகிற வரை வழி சரி. வழுக்கினால் தடம் மாறிவிட்டது. குழந்தை தடவிக்கொண்டே ‘அ’ என்று ஒலிக்கும். கண், காது, விரல் மூன்றும் ஒரே எழுத்தில் சந்திக்கின்றன.

ஆனால் தடவுவதோடு நிறுத்திவிடக் கூடாது என்கிறது 2012-இல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவில் கேரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு எழுத்துகளை மூன்று விதமாகப் பழக்கினார்கள்: தானாக எழுதுவது, வரைந்திருப்பதன்மேல் தடம் பிடிப்பது, விசைப்பலகையில் தட்டுவது. பிறகு மூளையைப் படம் பிடித்தார்கள். பெரியவர்கள் படிக்கும்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகள், தானாக எழுதிப் பழகிய எழுத்தைப் பார்த்தபோது மட்டும் தெளிவாக விழித்தன. கோணல்மாணலாக, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழும் அந்தச் சொந்த எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. பல வடிவங்களில் வந்தாலும் இது ‘அ’தான் என்று மூளை அப்போது கற்றுக்கொள்கிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

கோணல்மாணலாக எழுத மணலைவிட நல்ல இடம் ஏது? நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால்தான் எழுதினார்கள். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதிக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அப்படி ஒரு பள்ளியைப் பார்த்து அசந்துபோய்த் தன் பிள்ளைகளுக்கும் மணலைக் கொடுத்தார். 1797-இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு மணல் தட்டு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1939-இல், மாண்டிசோரியே பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போரில் இத்தாலி எதிரி நாடானதால் ஊர் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கினார். ஒரு தாம்பாளமும் இரண்டு பிடி மணலும் இருந்தால் எந்த அங்கன்வாடியிலும் அந்தப் பாடம் நடக்கும்.

எழுத்துக்கு மணல் போல எண்ணுக்குப் பொன்மணிகள். ஒரு மணி, ஒன்று. கம்பியில் கோத்த பத்து மணிகள், பத்து. அப்படிப் பத்துக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டினால் சதுரம், நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கினால் கனசதுரம், ஆயிரம். புள்ளி, கோடு, சதுரம், கனம் என்று பத்தின் அடுக்குகள் வடிவமாகவே வளர்கின்றன. ‘ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு கொண்டு வா’ என்றால் ஐந்து வயதுக் குழந்தை ஒரு கனம், இரண்டு சதுரம், மூன்று கம்பி, நான்கு மணி என்று தட்டில் எடுத்து வருகிறது. நம் பழைய தமிழ் எண்கள் இதைத்தான் எழுத்தில் செய்தன. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு என்பதால் அதே எண் ௲௨௱௩௰௪ என்று, எது எத்தனை என்பதை வரிசையாகச் சொல்லிவிடும்.

இரண்டு குழந்தைகள் தங்கள் தட்டுகளை ஒன்றாகக் கொட்டினால் கூட்டல். தனி மணிகள் பத்துச் சேர்ந்ததும், மணிகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் குழந்தையிடம் கொடுத்து ஒரு கம்பி வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் வாயால் ‘மிச்சம் ஒன்று’ என்று முணுமுணுத்து மேலே எழுதுகிறோமே, அந்த ஒன்று இங்கே கண்ணெதிரே கம்பியாகக் கிடக்கிறது. மணிக்கு வழியில்லாத வகுப்பில் புளியங்கொட்டை போதும்: பத்துப் பத்தாகப் பொட்டலம், பத்துப் பொட்டலத்துக்கு ஒரு டப்பா. ஒன்று மட்டும் கவனம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் பக்கம் கொட்டை வரவே கூடாது.

எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைப்பது ஒரு சின்ன மரப்பெட்டி. பக்கங்களைத் திறந்தால் உள்ளே எட்டுத் துண்டுகள்: பெரிய சிவப்புக் கனசதுரம் ஒன்று, சிறிய நீலக் கனசதுரம் ஒன்று, சிவப்பும் கறுப்புமாக மூன்று, நீலமும் கறுப்புமாக மூன்று. சிவப்பு முகம் சிவப்பைத் தொட வேண்டும், கறுப்பு கறுப்பைத் தொட வேண்டும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு நான்கு வயதுக் குழந்தை எட்டையும் அடுக்கி ஒரே கனசதுரமாக்கிவிடும். பெரியதன் பக்கம் 3 அலகு, சிறியதன் பக்கம் 2 அலகு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். முழுப் பெட்டியின் பக்கம் 5 அலகு, கன அளவு 125. துண்டுகளைத் தனித்தனியாகக் கூட்டினால் 27, மும்முறை 18, மும்முறை 12, கடைசியாக 8. அதுவும் 125தான். உயர்நிலைப் பள்ளியில் ஏ, பி என்று எழுத்துகளைப் போட்டு, 1, 3, 3, 1 என்ற கெழுக்களோடு நாம் மனப்பாடம் செய்த ஈருறுப்பு விரிவு முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. இதற்கு அண்ணன் பெட்டி ஒன்றும் உண்டு, மூன்று உறுப்புகளுக்கு. அதில் மொத்தம் 27 துண்டுகள்; அவற்றில் ஆறு முழுக்கக் கறுப்பு, நிறத்தைக் கொண்டு அடையாளம் பிடிக்க முடியாதவை. அதையும் ஐந்து வயதிலேயே அடுக்குகிறார்கள்.