ஆறு பேர் நிற்கலாம்... ஒருத்தர் படுக்க முடியாது!

உங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல ஒரு தகடு இருக்குமே, பார்த்திருக்கீங்களா? ‘6 பேர், 408 கிலோ’. ஆளுக்கு 68 கிலோன்னு ஒரு கணக்கு. நான் அதை தினமும் பார்ப்பேன். அது என்ன சொல்லாம விட்டிருக்குன்னு புரிஞ்சது, எங்க தாத்தா தவறிப்போன அன்னிக்குத்தான்.

மேற்கு மாம்பலத்துல மூணாவது மாடி எங்க வீடு. விடிகாலை நாலு மணிக்கு, தூக்கத்துலயே போயிட்டார். எட்டு மணிக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. லிஃப்டுக்குள்ள நுழையல. படியில தூக்கிப் பார்த்தாங்க, திருப்பத்துல சிக்கிடுச்சு. சரி, பெட்டி மேல வர முடியாதுன்னா தாத்தாதானே கீழ போகணும்? மாமாவும் நானும் இன்னும் ரெண்டு பேரும் அவரை பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சு, வேட்டியால கட்டி, படிப்படியா இறக்கினோம். பாட்டி மேலே கதவுகிட்ட நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. அதைப் பத்தி இதுக்கு மேல எழுத வேண்டாம்.

கீழே ஸ்டில்ட் பார்க்கிங்ல ஒன்பது கார். எட்டை நகர்த்தினாங்க. ஒன்பதாவது காரோட ஓனர் பெங்களூர்ல, சாவியும் அவர்கிட்ட. கவர் போட்ட அந்தக் கார் பக்கத்துலயே தாத்தாவை வெச்சோம். சொந்தக்காரங்க பாதிப் பேர் தெருவுல வெயில்ல நின்னாங்க. அசோசியேஷன் செக்ரட்டரி மாமா நல்ல மனுஷர், காலையில எல்லாருக்கும் காபி அனுப்பினவரே அவர்தான். அவரே தயங்கித் தயங்கி, “தப்பா நினைச்சுக்காதப்பா... சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வண்டியெல்லாம் வந்துடும். அதுக்குள்ள எடுத்துடுவீங்கல்ல?”ன்னார்.

இதுல சங்கடம் என்னன்னா, நான் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். இதே மாதிரி லிஃப்ட், இதே மாதிரி படிக்கட்டு, இதே மாதிரி ஸ்டில்ட்டை நானே டிராயிங் ஷீட்ல வரைஞ்சு மார்க் வாங்கியிருக்கேன்.

காரியத்துக்கு சிங்கப்பூர்லேர்ந்து சித்தப்பா வந்திருந்தார். கதையைக் கேட்டுட்டு, “எங்க பிளாக்ல கீழ்த்தளம் பூரா சும்மாத்தான்டா இருக்கும்”னார். சும்மான்னா? கூகுள் பண்ண ஆரம்பிச்சேன், விடியற வரைக்கும் தூங்கல!

சிங்கப்பூர்ல பத்துல கிட்டத்தட்ட எட்டு பேர் இருக்கறது அரசு கட்டின அடுக்கு மாடி வீடுகள்ல. 1960-ல் ஆரம்பிச்ச வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டினது. இடமே இல்லாத ஊர், அதனால உயரமா கட்டினாங்க. ஆனா, 1970-கள்லேர்ந்து ஒரு பழக்கத்தை விடாம வெச்சிருந்தாங்க: தரைத்தளத்துல வீடு கட்டாம, தூண்களை மட்டும் நிறுத்திட்டுக் காலியா விடறது. பேரு ‘வாய்ட் டெக்’. வெற்றுத்தளம்னு வெச்சுக்கலாம். காத்து வரும், மழைக்கு ஒதுங்கலாம், பெருசுங்க கல்மேஜையில சதுரங்கம் ஆடலாம். ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், பிரியாணி வாசனை தூக்கும். அடுத்த வாரம் அதே தூண்களுக்கு நடுவுல ஒரு சீனக் குடும்பம் உடலை வெச்சு மூணு நாள், அஞ்சு நாள்கூட துக்கம் காப்பாங்க. டவுன் கவுன்சில்ல அனுமதி வாங்கினா போதும். எத்தனை மணிக்கு எடுப்பீங்கன்னு கார்க்காரர் கேட்க மாட்டார்.

ரொம்பவும் சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. பந்து விளையாடக் கூடாதுன்னு அங்கேயும் போர்டு உண்டு. புதுசா கட்டின பல பிளாக்குகள்ல வாய்ட் டெக் சுருங்கி, விசேஷத்துக்குத் தனி மண்டபம் மாதிரி ஒண்ணு வந்துடுச்சு.

இப்ப நம்ம கட்டடத்தைப் பாருங்க. நம்மகிட்டயும் தூண் இருக்கு, காலித் தரை இருக்கு. சொல்லப்போனா அந்தத் தூணுக்கு நாம பெரிய விலையே கொடுத்திருக்கோம். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்துல, மையத்துலேர்ந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளியிருந்த அகமதாபாத்ல பல அபார்ட்மென்ட்கள் விழுந்தது. விழுந்ததுல நிறைய, கீழே பார்க்கிங் விட்டுக் கட்டினது. காரணம் சிம்பிள். மேல் மாடிகள்ல செங்கல் சுவர் இருக்கு, கட்டடம் பெட்டி மாதிரி விறைப்பா நிக்கும். கீழே சுவர் கிடையாது, தூண் மட்டும்தான். ஆட்டம் வந்தா மொத்த வளைவும் அந்த ஒரு தளத்துலதான் விழும். இதுக்குப் பேர் ‘சாஃப்ட் ஸ்டோரி’. அதுக்கப்புறம் 2002-ல் திருத்தின ஐ.எஸ். 1893, அந்தத் தளத்துத் தூணையும் உத்தரத்தையும் கணக்குல வர்ற விசையைப் போல இரண்டரை மடங்குக்கு டிசைன் பண்ணச் சொன்னது. அதே திருத்தத்துலதான் சென்னையும் இரண்டாம் மண்டலத்துலேர்ந்து மூணாம் மண்டலத்துக்கு வந்தது. ஆக, அவ்வளவு கம்பியும் சிமென்டும் போட்டு ஒரு தளத்தைக் காலியா நிறுத்தறோம். யாருக்காக? காருக்காக!

சிங்கப்பூர்ல கார் எங்க போச்சுன்னு கேட்பீங்க. பழைய குடியிருப்புகள்ல அதுக்குத் தனி இடம், தனி பார்க்கிங் கட்டடம். தவிர, அங்க கார் வாங்கறதுக்கு முன்னாடி, வாங்கற உரிமையையே ஏலத்துல எடுக்கணும். 1990-லேர்ந்து இந்த முறை இருக்கு, உரிமைக்கு ஆயுள் பத்து வருஷம். 2023 அக்டோபர்ல பெரிய கார்களுக்கான ஏலத்தொகை ஒன்றரை லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டிடுச்சு. கார் இல்லை, உரிமைச்சீட்டு மட்டும்! கீழ்த்தளம் காலியா இருக்கறதுல ஆர்க்கிடெக்டுக்கு எவ்வளவு பங்கோ, போக்குவரத்துத் துறைக்கும் அவ்வளவு பங்கு இருக்கும்னு எனக்குத் தோணுது.

நம்ம ஊர் 2019 கட்டட விதிகளைப் புரட்டினேன். எத்தனை வீட்டுக்கு எத்தனை கார் நிறுத்த இடம் விடணும்னு பக்காவா அட்டவணையே போட்டிருக்காங்க. ஊருக்குப் பொதுவா திறந்தவெளி விடற விதியும் இருக்கு. ஆனா, 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைன்னா அது கிடையாது. எங்க அபார்ட்மென்ட் இருக்கறது ரெண்டரை கிரவுண்டுல. 600 சதுர மீட்டர்கூட வராது!

இந்த செமஸ்டர் மினி புராஜெக்ட் பத்து வீட்டு அபார்ட்மென்ட் டிசைன். ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்குல நுழையற மாதிரி லிஃப்டைப் பெருசாக்கினேன். படிக்கட்டுத் திருப்பத்தையும் அகலமாக்கினேன். லிஃப்ட் வாசலுக்கு எதிரே பத்துக்கு இருபது அடி ஒரு செவ்வகம், உள்ளே எதுவும் வரையாம விட்டேன். பேர் எழுதாம விட்டா மார்க் போகும். ரொம்ப யோசிச்சு ‘முற்றம்’னு எழுதினேன்.

கைடு சார் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லிஃப்டுக்கு ‘குட்’னு ஒரு டிக். அப்புறம் சிவப்பு மையால அந்தச் செவ்வகத்தைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

“இங்க ஒரு கார் நிக்குமேப்பா?”