வழியோரக் கற்கள்

ஊர்தியேறிச் செல்வார்க்கு இன்று வழியோரத்து நிற்கும் கல்லை நோக்குதற்கு நேரமில்லை. மக்கள் காலால் நடந்தும் தலையாற் சுமந்தும் சென்ற நாளிலோ, அக்கற்களே வழிகாட்டியும், இளைப்பாறும் இடமும், எழுதாத ஊர்ச் சரித்திரமுமாய் இருந்தன. அவற்றுட் சிலவற்றைப் பற்றி ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

மைல்கல் என்றவுடன் அஃது ஆங்கிலேயர் கொணர்ந்த பொருள் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். ஆனால், தருமபுரிப் பகுதியிற் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்லொன்று, வழியின் பெயர் 'அதியமான் பெருவழி' என்றும், நாவற்றாவளத்துக்குத் தொலைவு 29 காதம் என்றும் தெரிவிக்கின்றது. தாவளம் என்பது வணிகர் தங்குமிடம். அக்கல்லை வெட்டியவர், எண்ணை எழுத்தாற் பொறித்த அளவில் அமையவில்லை. இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் உடன் தோண்டியுள்ளனர். பெருங்குழி ஒவ்வொன்றும் பத்து; சிறுகுழி ஒவ்வொன்றும் ஒன்று. எழுத்தறியாத பொதிமாட்டுக்காரனும் தொலைவை எண்ணிக்கொள்ளலாம். இருட்டில் விரலால் தடவியும் அறியலாம் என்பது எம் கருத்து.

நிற்க, நடுகல்லுக்கு வருவோம். போரிற் பட்ட வீரனுக்குக் கல் நடுதலைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகின்றது. இதனை வகுப்பிற் படிக்குங்கால், இவை புலவர் வகுத்த துறைகளே போலும் என்று மயங்குதல் இயல்பு. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றில் 'ஆகோள்' என்னும் சொல்லே காணப்படுகின்றது. தேர்வுக்கென மனனம் செய்த வெட்சித்துறைச் சொல், ஓர் ஊரார் தம் ஊரில் இறந்த ஒருவனுக்காக வெட்டிய கல்லில் நிற்கக் கண்டபோது, எமக்கு இலக்கணம் வேறு முகங் காட்டிற்று.

இனி, திருவண்ணாமலைப் பக்கத்து எடத்தனூர்க் கல்லைப் பற்றிக் கூறாமல் இருக்க மனம் வரவில்லை. அது பல்லவ மன்னன் முதல் மகேந்திரவர்மனது 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறத்தாழ 1,400 ஆண்டுகட்கு முன், நடப்பட்டது. கருந்தேவகத்தி என்பான் எருமைகளைக் காக்கப் புகுந்து உயிர்துறந்தான். அவனுடன் சென்ற நாய், கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனருகே காத்து நின்றது. அந்நாயின் உருவமும் கல்லில் உண்டு. கோவிவன் என்னும் அதன் பெயரும் உண்டு. பேரரசர் பலருடைய பெயரைத் தேடித் திரியும் சரித்திரத்தில், ஒரு நாயின் பெயர் பிழையற நமக்கு வந்து சேர்ந்துள்ளது! செங்கம் வட்டாரத்து நடுகற்கள் 1972இல் நூலாகத் தொகுக்கப்பெற்றமையால் இத்தகைய செய்திகள் பல அறியலாயின.

சுமைதாங்கியின் நிலை வேறு. இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். ஏறக்குறைய ஆள் தோளளவு உயரம். துணையின்றி வருபவன் சுமையை இறக்கவும் மீண்டும் தலையில் ஏற்றவும் அவ்வுயரமே ஏற்றது. வயிற்றிற் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக இதனை நடுதல் வழக்கம். இறக்காத சுமையோடு சென்றாளுக்குப் பிறர் இறக்கும் சுமை ஆறுதலாம் என்பது மக்கள் நம்பிக்கை. சிலவற்றில் எழுத்துண்டு, பலவற்றில் இல்லை.

எம் ஊர்ச் சாலையில் நின்ற சுமைதாங்கியிலும் எழுத்தில்லை. சிறு பிராயத்தில் எம் பாட்டியார் அதனைக் கடக்கும்போதெல்லாம் கூடையை ஒருகணமேனும் அதன்மேல் வைத்து எடுப்பார். கூடை வெறிதாயினும் அங்ஙனமே செய்வார். அவள் யார் என யாம் ஒருநாளும் வினவியதில்லை. பாட்டியாரும் இன்றில்லை. சென்ற விடுமுறையிற் போனபோது, சாலை அகலமாகியிருந்தது. நட்ட கற்கள் இரண்டையும் காணோம். மேற்கல் மட்டும் சாக்கடைமீது பாலமாகக் கிடந்தது. சாலை அகலவேண்டியதே, அதனை யாம் மறுக்கவில்லை. பத்தடி தள்ளி நட்டிருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

நம் கல்லூரி மாணவரும் பழைய மாணவரும் தத்தம் ஊர்க் கற்களை ஒருமுறை பார்த்து எழுதியனுப்ப வேண்டுகின்றோம். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் நோக்கினால் தேய்ந்த எழுத்தும் புலப்படும். சுண்ணாம்போ வண்ணமோ பூசற்க. எழுத்தில்லாத கல்லாயின், ஊர் முதியோரிடம் உடனே சென்று கேட்க.

யாம் எம் ஊரில் மூதாட்டியர் மூவரைக் கேட்டோம். மூவரும் மூன்று பெயர் கூறினர். மூன்றையும் எழுதி வைத்திருக்கின்றோம்.